முக்காலே மூணு வீசம் மூடிய வால்வு

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அவளை ஒருத்தரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. ஒரு பேச்சுக்குக்கூட இல்லை. வேதியியல் கூடத்தில் குடுவை கழுவி, அமிலம் கலந்து வைத்து, பியூரெட்டை நிமிர்த்தி மாட்டி, பிள்ளைகள் உடைத்துப் போட்டதைப் பொறுக்கி எடுத்தவள் அவள். "லேப் அம்மா" என்பார்கள். அவசரத்தில் அந்த அம்மாவும் கழன்றுபோய் "ஏ லேப்" என்று கூப்பிட்ட தலைமையாசிரியர்களும் உண்டு. டீச்சர் என்கிற பட்டம் அவளுக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? இரும்புத் தூளும் கழிவு எண்ணெயும் காலில் மிதிபடுகிற எஞ்சின் பட்டறையில். கொடுத்தவர், வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறெதுவும் வராத முதலாளி.

அது ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. இரண்டு பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு கூடம் போதும் என்றார்கள். இவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். குப்பைக்குப் போகவிருந்த மூன்று பியூரெட்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கென்று மழை. கண்ணாடியை வைத்துக்கொண்டு பேருந்து நெரிசலில் ஏற முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ஒரு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தாள்.

டாக்ஸிக்காரர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, அது என்ன குழாய்?"

"சொட்டுச் சொட்டா அளக்கிறது தம்பி. ஒரு சிசில பத்துல ஒரு பங்கு வரைக்கும் பிசகாம சொல்லும்."

"சிசியா? அடடே! நம்ம ஆளு ஒருத்தர் பட்டறை வச்சிருக்காரு. ஊசி போடுற சிரிஞ்ச வச்சுக்கிட்டு எஞ்சின் குழிய அளக்குறேன் அளக்குறேன்னு ஊரையே திட்டிக்கிட்டு இருக்காரு. வாங்க, ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டுப் போவோம்."

"ஐயோ, வேணாம் தம்பி" என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு டாக்ஸிக்காரர் மழையில் முன்னால் ஓடினார். உள்ளே முதலாளியிடம் ஏதோ சொன்னார், கையை ஆட்டினார், இவளைக் காட்டினார். இவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது முதலாளி ஒரு எஞ்சின் தலையைக் கவிழ்த்துப்போட்டு, "எங்க, அளங்க பார்ப்போம்" என்றார். எஞ்சின் தலை, பட்டறைப் பேச்சில் ஹெட்டு, சிலிண்டர்களின் மேல் உட்காருகிற கனத்த மூடி. அதன் அடிப்பக்கத்தில் சிலிண்டருக்கு ஒன்றாகக் குழிகள் இருக்கும். பெட்ரோல் எரிகிற அறை அதுதான்.

அவள் ஒரு கண்ணாடித் துண்டு கேட்டாள். உடைந்த காரின் விளக்கு மூடி கிடைத்தது. அதில் ஓட்டை போடச் சொல்லி, ஓரத்தில் கிரீஸ் தடவிக் குழியின் மேல் ஒட்டி, ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டாள். கடைசிக் காற்றுக்குமிழி மறைந்ததும் குனிந்து, பியூரெட்டுக்குக் கண் மட்டம் பிடித்துப் படித்தாள். மூன்று குழிகள் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. நாலாவது குழி நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. முதலாளி தன் சிரிஞ்சால் மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் மூன்று விடை. இவளை மறுபடி அளக்கச் சொன்னார். அதே விடை. அவர் சிரிஞ்சைத் தூக்கிக் குப்பையில் எறிந்தார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்லைங்க, லேப்ல—"

"எனக்கே அளக்கக் கத்துக் கொடுத்துட்டீங்க. அப்புறம் என்ன இல்லைங்க?"

சந்தோஷத்தில் நன்றி சொல்ல வாசலுக்கு ஓடினாள். டாக்ஸியைக் காணோம், அடுத்த சவாரி கிடைத்துப் போய்விட்டார். அதற்கப்புறம் சாலையில் எதிர்ப்படும்போது கையை ஆட்டுவார், இவளும் ஆட்டுவாள், சிக்னல் விழுந்துவிடும். ஒன்பது வருடம் ஒரு நன்றியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மகளைப் படிக்க வைத்தது, வீட்டுக்குக் கூரை மாற்றியது, தலைநிமிர்ந்து தெருவில் நடந்தது எல்லாமே அந்த ஒரு திருப்பத்தில் வந்ததுதானே என்று அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

பட்டறையில் அவளுக்கென்று ஒரு மூலை. பலகை, பியூரெட் தாங்கி, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு, குமிழி தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்த ஸ்பிரிட். அப்புறம் ஒரு நோட்டு. அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். கெட்டி அட்டை போட்டு, முதுகுக்குத் துணி ஒட்டி, மாடு மிதித்தாலும் பிரியாத மாதிரி தைத்துக் கொடுத்திருந்தார். முதல் பக்கத்தில் அவள் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: கண்ணால் பார்க்காததை இதில் எழுதக் கூடாது. லேப் புத்தி. போகுமா?

அந்த நோட்டு பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே விகிதம். பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதன் மேலே இருக்கிற இடம் எவ்வளவு, உச்சிக்கு வந்தபின் மிஞ்சுகிற இடம் எவ்வளவு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் அழுத்த விகிதம். பத்து என்றால், பத்துப் படி காற்றை ஒரு படிக்குள் திணிக்கிறோம் என்று அர்த்தம். அதிகம் திணித்தால் சக்தி அதிகம். அளவுக்கு மீறினால் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் சுத்தியல் மாதிரி அடிக்கும். அதைத்தான் 'நாக்கிங்' என்பார்கள். டொக் டொக்கென்று ஆரம்பிக்கும், ஓட்டை விழுந்து முடியும்.

அவள் சேர்ந்த வருடமே ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு எஞ்சின்கள், இரண்டுக்கும் விகிதம் பத்து, இவளே அளந்தது. ஒன்று பூனை மாதிரி ஓடியது. இன்னொன்று பதினைந்து நாளில் டொக் டொக்கென்று திரும்பி வந்தது. "ராசி" என்றார் முதலாளி. ராசியை எந்தப் பியூரெட்டில் அளப்பது? இவள் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி மூன்று மாதம் உருட்டினாள். விஷயம் பிடிபட்டதும் முதலாளியை நிறுத்தி, சைக்கிள் பம்பைக் காட்டினாள்.

"இந்தப் பம்புக்குப் பக்கவாட்டுல பாதியில ஒரு ஓட்டை இருக்குன்னு வைங்க. கைப்பிடிய அமுக்குறீங்க. ஓட்டையத் தாண்டுற வரைக்கும் காத்து வெளியதான போகும்?"

"ஆமா, போகும்."

"தாண்டினதுக்கு அப்புறம்தான அமுங்க ஆரம்பிக்கும்? எஞ்சின்லயும் அதே கதைதான். காத்து உள்ள வர்ற வால்வு, பிஸ்டன் மேல கிளம்பின உடனே மூடுறது இல்ல. கொஞ்ச தூரம் திறந்தேதான் இருக்கு. அது மூடின இடத்துல இருந்து கணக்குப் போட்டா வர்றதுதான் நிஜமா அமுங்குற அளவு. நின்ன எஞ்சினுக்கு ஒரு விகிதம், ஓடுற எஞ்சினுக்கு ஒரு விகிதம்."

நின்ற விகிதம் ஸ்டேடிக், ஓடும் விகிதம் டைனமிக் என்று புத்தகத்துப் பெயரையும் சொன்னாள். முதலாளி பம்பைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவள் விடவில்லை. வருகிற ஒவ்வொரு எஞ்சினுக்கும் நோட்டில் ஒரு வரி போட்டாள்: யார் வண்டி, நின்ற விகிதம், வால்வு மூடுகிற கோணம் (பிஸ்டன் அடியிலிருந்து கிளம்பிய பின் எத்தனை டிகிரி சுழற்சியில்), ஓடும் விகிதம், அப்புறம் அது சத்தம் போட்டுத் திரும்பி வந்ததா இல்லையா. மூன்று வருடத்தில் பக்கங்களே பேசிவிட்டன. சாதாரண பெட்ரோலுக்கு ஓடும் விகிதம் எட்டரை வரை பழுதில்லை. தாண்டியவை எல்லாம் திரும்பி வந்திருந்தன. அன்றிலிருந்து முதலாளி சுரைக்காய்ப் பேச்சை விட்டார். புது ஆட்களிடம் "டீச்சரோட எட்டரைக் கோட்டைத் தாண்டினா தோலை உரிச்சிடுவேன்" என்று மிரட்டவும் ஆரம்பித்தார். மனுஷனுக்குப் பாராட்டத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலையில் நீல டாக்ஸி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு பட்டறைக்குள் வந்து நின்றது. இறங்கியவர் அதே டாக்ஸிக்காரர். தலையில் கொஞ்சம் நரை. மற்றபடி அதே ஆள்.

"அண்ணே, பெரிய ஆஸ்பத்திரியில நர்சுங்கள ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போற வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம் நிரந்தரம். திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வண்டி நிக்கணும். நிக்கலன்னா அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. கடவுள் கண்ணைத் திறந்த நேரம் பார்த்து எஞ்சின் கண்ணை மூடுது!"

முதலாளி எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், முகத்தைச் சுளித்தார், கைகாட்டினார். "இறக்குங்கடா. டீச்சர், உங்க தம்பி வண்டி. வரிசையில நாலு பேர் இருக்கான், இருந்தாலும் இதைத்தான் முதல்ல எடுக்கிறேன்."

தம்பி என்று அவர் சொன்னதை இவள் ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் வேறு. ஒன்பது வருடத்து நன்றியைக் கையால் செய்து காட்ட ஒரு நாள் வந்துவிட்டது.

வியாழக்கிழமை கடையிலிருந்து புது பிஸ்டன்கள் வந்தன, தேய்ந்த சிலிண்டருக்கேற்ற ஒரு சுற்றுப் பெரிய அளவு. அந்த அளவுக்குச் சிலிண்டர்களைக் கடைந்தும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் இவள் முறை. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சுகிற இடம் நாற்பத்தேழு சிசி இருக்க வேண்டும். அளந்தாள். முப்பத்தெட்டரை. கை பிசகியிருக்கும் என்று தகட்டைக் கழுவி மறுபடி அளந்தாள். முப்பத்தெட்டரை. நாலு சிலிண்டரும் அதேதான்.

பிஸ்டன்களைத் தடவிப் பார்த்தாள். தலை தட்டையாக இருக்க வேண்டியது, மெல்ல மேடு தட்டியிருந்தது. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டு சரி, உள்ளே இருந்த சரக்கு வேறு. எங்கோ ஒரு கிடங்கில் யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒன்பதரை இருக்க வேண்டிய விகிதம் பதினொன்று புள்ளி நாலில் நின்றது.

அவள் வந்து சொன்னதும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு பிஸ்டனைச் சுற்றிக் கூடினார்கள். முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் டீச்சர் அளந்தீங்க?"

சொன்னது அபத்தம் என்று அவருக்கே தெரியும். ஆற்றாமை. அளக்காமல் மாட்டியிருந்தால் ஒரு மாதத்தில் பிஸ்டன் பொத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருக்கும்.

கடைக்குப் போன் போட்டார்கள். சரியான பிஸ்டன் வர மூன்று வாரம். பழைய பிஸ்டனைப் போடலாம் என்றால், சிலிண்டரைக் கடைந்தாகிவிட்டது. மேட்டைச் சீவலாமா என்றால், அடியில் உலோகம் மெல்லிசு, தாங்காது. சிலிண்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவே வைக்கிற தகடான கேஸ்கெட்டை, இடம் கூட, இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாமா என்று முதலாளி கேட்டார்; கேட்டுவிட்டு அவரே "தூ" என்று துப்பினார்.

டாக்ஸிக்காரர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "அப்படியே மாட்டிடுங்க அண்ணே. ஒரு மாசம் ஓடினா போதும். வேலை கையில நின்னுடும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"மாசம் தாங்காது தம்பி" என்றாள் இவள். "ஓடும் விகிதம் பத்தைத் தாண்டுது. அஞ்சு பேர் ஏறி மேடு ஏறினா அன்னைக்கே ஆரம்பிச்சிடும்."

"அப்ப என்னதான் செய்யிறது டீச்சர்?"

அந்தக் கேள்வி அவளை உலுக்கிவிட்டது. தன்னைத் தூக்கி நிறுத்திய மனுஷனுக்குத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நின்ற விகிதத்தை மாற்ற வழியில்லை. ஓடும் விகிதத்தை? வால்வை இன்னும் தாமதமாக மூட வைத்தால்?

"நம்ம அலமாரியில ஒரு கேம் கிடக்கே, அது இந்த எஞ்சினுக்குத்தான?" என்றாள்.

வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்கிற தண்டுதான் கேம். பந்தயப் பைத்தியம் பிடித்த ஒருவன் அதை வரவழைத்தான். கல்யாணமானதும் பைத்தியம் தெளிந்து அந்தப் பக்கமே வரவில்லை. கிரீஸ் காகிதம் சுற்றியபடி நாலு வருடமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கூடவே எண்ணெய் ஊறிய ஒரு அட்டை. வால்வு மூடும் கோணம் ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது.

கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி ஏழு. கோடு எட்டரை. நோட்டில் எழுதினாள், பேனாவை மூடினாள்.

"ஆகாது" என்றாள். "பரவாயில்ல டீச்சர், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று டாக்ஸிக்காரர் அவளைத் தேற்றிவிட்டுப் போனார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் பல் துலக்கிவிட்டு வந்து காபியில் கை வைத்தார். இவள் சமையலறைத் தொட்டியைப் பார்த்தாள். வழக்கம்போலக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, குழாய மூடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மூடிட்டேனே."

"எங்க மூடுனீங்க? முக்காலே மூணு வீசம் மூடுனா மூடுனதா அர்த்தமா? வந்து பாருங்க, சொட்டுது."

"கைக்கு இறுகுச்சு, மூடியாச்சுன்னு விட்டுட்டேன். ஒரு சொட்டுக்கு இவ்வளவு பேச்சா?"

"ஒரு சொட்டு ஒழுகினாலும் அது திறந்த குழாய்தான்!" என்று அதட்டிக்கொண்டே குழாயைத் திருகியவள், அப்படியே நின்றுவிட்டாள். கை குழாய் மேலேயே இருந்தது. மனுஷர்களும் சரி, அட்டைகளும் சரி, எதை மூடியது என்கிறார்கள்? ஐம்பத்தாறு டிகிரியில் வால்வு மூடுகிறது என்று அட்டை சொல்கிறது. மூடியதை யார் பார்த்தது? தான் பார்த்தோமா?

கண்ணால் பார்க்காததை நோட்டில் எழுதிவிட்டோமே!

"என்னம்மா ஆச்சு? ஒரு குழாய்க்காகக் கல்லாயிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். முப்பது வருடக் குடித்தனத்தில் குழாயை மூடாததற்காக முதல் முறை வாழ்த்து வாங்கிய மனிதர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்கு வந்ததும் வராததுமாக, "கேமை மாட்டச் சொல்லுங்க" என்றாள். முதலாளி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் அந்தக் குரலில் பேசினால் கேட்கக் கூடாது என்று ஒன்பது வருடத்தில் கற்றிருந்தார். முதல் சிலிண்டரில் பிஸ்டனை இறக்கி, எஞ்சின் தலையை மேலே வைத்து, பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்க் தண்டின் முனையில் டிகிரி சக்கரத்தை மாட்டினார்கள். வால்வின் மேல், அது நகர்வதை முள்ளால் காட்டுகிற டயல் கேஜ். இவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பியூரெட்டுக்குப் பிடிக்கிற அதே கண் மட்டம் பிடித்தாள். முதலாளியே ஸ்பேனரால் கிராங்கை இம்மி இம்மியாகத் திருப்பினார்.

"அம்பத்தாறு" என்றார் சக்கரத்தைப் பார்த்து.

"நிறுத்துங்க." முள்ளைப் படித்தாள். "வால்வு இன்னும் ஒரு மில்லிமீட்டர் திறந்திருக்கு."

"என்னது?"

"திறந்திருக்கு! மெதுவா திருப்புங்க."

அறுபது. முள் நகர்ந்தது. அறுபத்தைந்து. நகர்ந்தது. எழுபதில் ஊர்ந்தது. எழுபத்துநாலில் முள் செத்த மாதிரி நின்றது. அதற்கப்புறம் திருப்பியும் அசையவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து. எழுபத்துநாலு. மூன்றாம் தரமும் எழுபத்துநாலு.

முதலாளி அட்டையை எடுத்து வந்து, அதன் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். எறும்பு சைஸில் ஒரு வரி எட்டிப் பார்த்தது: எல்லாக் கோணங்களும் ஒரு மில்லிமீட்டர் திறப்பில் எடுக்கப்பட்டவை. அவர் காலமெல்லாம் கம்பெனிக் கேமையே மாட்டியவர். கம்பெனிப் புத்தகம் முழுதாக மூடின கோணத்தைத்தான் போடும். கேம் செய்து விற்பவர்களுக்கு வேறு பழக்கம் என்று பட்டறையில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய்" என்றாள் இவள், அட்டையைக் காட்டி. எட்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்த கடன் அது. முதலாளி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வால்வு எழுபத்துநாலில் மூடினால், பிஸ்டன் ஏற வேண்டிய தூரத்தில் மிச்சம் நூற்றுக்கு எழுபத்தொரு பங்குதான். ஒரு சிலிண்டரின் நானூறு சிசியில் நிஜமாக அமுங்குவது இருநூற்று எண்பத்துநாலு. கூட ஒரு முப்பத்தெட்டரை. வகுத்தாள். எட்டு புள்ளி நாலு. மறுபடி வகுத்தாள். எட்டு புள்ளி நாலேதான்.

கோட்டுக்கு உள்ளே! அந்த நிமிஷம் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள்.

ஆனாலும் ஒரு பயம் பாக்கி. மேடு தட்டிய பிஸ்டன், அதிகம் திறக்கிற வால்வு; இரண்டும் முட்டிக்கொண்டால் எல்லாம் பாழ். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, எஞ்சின் தலையைப் பூட்டி இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினார்கள். வால்வு பதிந்த பள்ளத்தில் மிஞ்சிய களிமண்ணை வெட்டி அளந்தாள். இரண்டரை மில்லிமீட்டர். தாராளம். நோட்டில் ஐம்பத்தாறை அடித்துவிட்டு எழுபத்துநாலு என்று எழுதினாள். முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டு, "எவனும் வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். எவனும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எஞ்சின் உறுமியது. நிற்கும்போது லேசாக ஒரு குலுக்கல். பெரிய கேமின் குணம் அது. டாக்ஸிக்காரர் ஓட்ட, முதலாளி பக்கத்தில், இவளும் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் பின்னால். பெரிய பாலத்து ஏற்றத்தில் மேல் கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொன்னார் முதலாளி. டொக் டொக் வருவதென்றால் அங்கேதான் வரும். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள். டயர் சத்தம் கேட்டது, காற்றுச் சத்தம் கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை. மூன்று முறை ஏறினார்கள். பாலத்து உச்சியில் டாக்ஸிக்காரர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீல டாக்ஸி பட்டறை வாசலில் வந்து நின்றது. முதல் ஷிப்ட் நர்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே நின்னேன் டீச்சர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நீங்க சொல்லாதீங்க தம்பி. நான்தான் சொல்லணும்." ஒன்பது வருடம் தொண்டையில் இருந்தது ஒரே மூச்சில் கொட்டியது. "அன்னைக்கு மழையில நீங்க வண்டியத் திருப்பலன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. உங்க சிநேகிதர்கிட்ட எனக்காகப் பேசி, இந்த வேலைய வாங்கிக் கொடுத்தீங்களே. என் குடும்பமே நல்லா இருக்கு. இதைச் சொல்லாம செத்துடுவேனோன்னு பயந்துட்டு இருந்தேன்."

டாக்ஸிக்காரர் தலையைச் சொறிந்தார். நெளிந்தார். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு அப்ப முதலாளிய யாருன்னே தெரியாது."

"என்னது?"

"அதுக்கு முந்தின வாரம் இந்த வாசல்ல ஒரு சவாரிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். உள்ள ஒருத்தர் சிரிஞ்சைத் திட்டுற சத்தம் அரை மணி நேரம் கேட்டுச்சு. 'ஒரு சிசி கூடுது, ஒரு சிசி குறையுது, அளக்கத் தெரிஞ்ச ஒருத்தன் இந்த ஊர்ல இல்லையா'ன்னு. அவ்வளவுதான் பழக்கம். அன்னைக்கு நீங்க பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பின்சீட்டுல சத்தம் வராம அழுதுக்கிட்டே வந்தீங்க. அப்படியே வீட்டுல இறக்கிவிட்டுட்டுப் போக மனசு வரல. நம்ம ஆளுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

தான் அழுதது யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

முதலாளி கையில் ஸ்பேனரோடு எழுந்து வந்தார். "டேய், நில்லு. அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்ன? 'எங்க அக்கா, கூடப்பிறந்த அக்கா, சொந்த ரத்தம்'னு மழையில நனைஞ்சுக்கிட்டே சத்தியம் பண்ணல?"

"பண்ணேன் அண்ணே. தெரியாத பொம்பளைன்னு சொன்னா நீங்க உள்ள விட மாட்டீங்களேன்னு—"

"அப்ப இவங்க உன் அக்கா இல்ல?"

"இல்லண்ணே."

"நீ என் சிநேகிதனும் இல்ல?"

"இல்லண்ணே."

முதலாளி இவளைப் பார்த்தார். இவள் முதலாளியைப் பார்த்தாள். சிநேகிதனின் சிபாரிசு என்று இவள் நம்பிய ஒன்பது வருடமும், கூடப்பிறந்த அக்கா தம்பி என்று அவர் நம்பிய ஒன்பது வருடமும் ஒரே நொடியில் கழன்று விழுந்தன. அப்புறம் முதலாளி சிரித்தார். அந்த மனுஷன் சிரித்துப் பட்டறையில் ஒருவரும் பார்த்ததில்லை. லேத்துக்காரர் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டார்.

"போடா, போ. ரெண்டாவது ஷிப்டுக்கு நேரமாகுது" என்று டாக்ஸிக்காரரின் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினார். திரும்பி, "டீச்சர், அடுத்த ஹெட்டு பலகையில இருக்கு" என்றார்.

டாக்ஸி தெரு முனையைத் தாண்டும் வரை பார்த்துவிட்டு அவள் தன் மூலைக்குத் திரும்பினாள். முன்பின் தெரியாத ஒருத்தர், அவள் கண்ணீரைப் பார்த்ததற்காக, மழையில் நின்று பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து வழிந்தது. நோட்டைத் திறந்தாள். சனிக்கிழமை எழுதிய வரியில் எல்லாம் இருந்தன: பதினொன்று புள்ளி நாலு, எழுபத்துநாலு, எட்டு புள்ளி நாலு. யார் வண்டி என்ற கட்டத்தை மட்டும் அவசரத்தில் விட்டிருந்தாள்.

முதல் பக்கத்தைப் புரட்டி, தான் எழுதி வைத்திருந்த வரியை ஒரு தரம் படித்தாள். கண்ணால் பார்க்காததை இதில் எழுதக் கூடாது. பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் 'என் தம்பி வண்டி' என்று எழுதினாள்.